பலகாரக் கட்டுக்கு இயந்திரம் வாங்கி வைத்தும் யாரும் தொடுவதில்லை: எங்கே தவறினேன்?

பள்ளத்தூர் மருமகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் மூன்றாம் கட்டில் (கட்டு என்பது வீட்டின் ஒரு பகுதி; இது பின்பக்கம், அடுப்படி இருப்பது) என் மாமியார் இருபத்தாறு ஆண்டுகளாகப் பலகாரத் தொழில் நடத்தி வருகிறார். தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகிய ஆறும் ஆண்டு முழுவதும் நடக்கும். கல்யாணச் சீர், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைத்து வழிபடுவது) என்று வீட்டுக் காரியங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பவர்களும், ஊருக்கு வந்துவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பும்போது வாங்கிச் செல்பவர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஐவர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கணக்கு முழுவதும் மாமனார் பொறுப்பு. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குழந்தைகளோடு ஊருக்கு வந்து தொழிலில் சேர்ந்தேன்.

வந்த வேகத்தில் மூன்று மாற்றங்களைத் தொடங்கினேன். மூன்றும் பாதியில் நிற்கின்றன.

முதலாவது, மாவு பிசையவும் தேன்குழல் பிழியவும் ஒரு குதிரைத்திறன் மோட்டாருடன் இரண்டு இயந்திரங்கள் வாங்கினேன். வந்து இறங்கிய அன்று பூப்போட்டுச் சூடம் காட்டி ஓட்டினோம். பிழிந்தது எண்ணெயில் விரியாமல் கட்டையாக நின்றது. ஆறிய பிறகு கடித்துப் பார்த்த மாமியார் ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். இரண்டாம் நாள் மாலையில் மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. கட்டு முழுவதும் விளக்குகள் மங்கின. அதன்பிறகு ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். அதன்மேல் இப்போது கழுவிய முறங்களைக் காய வைக்கிறார்கள்.

இரண்டாவது, மடிக்கணினியில் பில் போடும் மென்பொருள் ஏற்றினேன். மாமனார் தம் சிட்டையை (கையால் எழுதும் அன்றாடக் கணக்குப் புத்தகம்) விடவில்லை. "எழுதாத கணக்கு அழுதாலும் தீராது" என்று சொல்லிவிட்டு, நான் கணினியில் ஏற்றியதை மீண்டும் ஒருமுறை தம் கைப்பட எழுதுகிறார். இரண்டு கணக்கும் ஒருநாள் கூட ஒத்துப்போனதில்லை. யூபிஐ வழியாக வரும் பணம் என் கைப்பேசிக்கு வருவதால், இரவு பெட்டி கட்டும்போது (அன்றைய கணக்கை முடிக்கும்போது) தினமும் ஒரு வாக்குவாதம்.

மூன்றாவது வீட்டுக்குள்ளேயே. இணைய இணைப்பு முகப்பைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வளவில் (வீட்டின் நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) கேமரா வைக்கலாம் என்றேன். இந்த வீட்டில் உரிமை உள்ள மற்ற மூன்று பங்காளிகளும் மறுத்துவிட்டார்கள். எங்கள் சொந்த அடுப்படிக்கு வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பில் மாமியாரின் வெண்கலப் பானை சூடேறவே இல்லை. அதுவும் பரணுக்குப் போய்விட்டது.

யாரும் என்னிடம் முகத்துக்கு நேரே சண்டை போடவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எதுவும் நகரவில்லை. வயதானவர்களை இப்படியே விட்டுவிடுவதா, கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பழக்குவதா? எதை முதலில் எடுத்துக்கொள்வது? இதேபோன்ற வீடுகளிலும் பட்டறைகளிலும் இதைக் கடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்குடி மின்பணியாளர்:

சகோதரி, மனிதர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் கம்பியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் "உறுமியது, சுற்றவில்லை, விளக்கு மங்கியது" என்ற ஒரு வரியே போதும், கோளாறு இயந்திரத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ள.

நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. மீட்டர் முகப்பில் இருக்கும். அடுப்படி கடைசியில் இருக்கும். நடுவே ஓடும் கம்பி பெரும்பாலும் பல்புக்கும் மின்விசிறிக்கும் என்று அந்தக் காலத்தில் மரப்பட்டியில் இழுத்தது, அல்லது பின்னாளில் அதே தடத்தில் மாற்றிய ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி. அந்த அளவுத் தாமிரக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம் மின்தடை. மூன்றாம் கட்டு 50 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 100 மீட்டர், தடை 1.2 ஓம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறு, ஏழு ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் நாலைந்து மடங்கு கேட்கும். 30 ஆம்பியர் என்று வைத்தால், வழியிலேயே 36 வோல்ட் போய்விடும். மீட்டரில் 230 இருந்தாலும் மோட்டாரின் வாயில் 194தான். மாலையில் ஊரே விளக்கு போடும் நேரத்தில் மீட்டருக்கு வருவதே குறைவாக இருக்கும். ஆகவே அது உறுமத்தான் செய்யும். அப்படியே இரண்டு நிமிடம் விட்டால் சுருள் கருகிவிடும். நீங்கள் நிறுத்தியது நல்லது.

எனவே மோட்டாருக்கு மட்டும் மீட்டரிலிருந்து தனிக் கம்பி, தனி எம்சிபி (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் ஆகியவை வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது. இருந்தாலும் குழி வறண்டு கிடக்கும். உங்கள் இடத்தில் பெண்கள் வெறுங்காலோடு ஈரக் கல்தரையில் நிற்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடாமல் அந்தக் கட்டில் எந்த மோட்டாரையும் ஓட்டக்கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. வீட்டு இணைப்பில் தொழில் மோட்டாரை ஓட்டுவது கட்டண விதிக்கு ஒவ்வாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தொழிலுக்கென்று தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பின்தெரு வழியாக மூன்றாம் கட்டுக்கு அருகிலேயே கொண்டுவர முடிந்தால் கம்பி நீளப் பிரச்சினையும் பாதி தீரும்.

இணையத்தைப் பொறுத்தவரை, இரண்டடிச் சுவர் நான்கைத் தாண்டி அலை வராது. ஆனால் நம் வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும்படி நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் அல்லவா? கதவுகள் திறந்திருக்கும் பகலில் அந்தக் கோட்டிலேயே அலை உள்ளே வரும்; இரவு தேக்குக் கதவுகளைச் சாத்தினால் நின்றுவிடும். என் வாடிக்கையாளர் ஒருவர் இதற்குக் காரணம் புரியாமல் மூன்று முறை வைஃபை கருவியை மாற்றினார். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கம்பி (இணையத்துக்கான கம்பி) இழுத்து (100 மீட்டர் வரை தாங்கும்), அங்கே இரண்டாவது வைஃபை கருவி ஒன்றை வையுங்கள். கைப்பேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். வேகம் குறைவு, சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸை விட மேல்.

சுவரில் துளை போட மட்டும் யாரையும் விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த பூச்சு, டிரில் பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும். அதைச் சரிசெய்யும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். பழைய மரப்பட்டி போன தடத்திலேயே, அதே ஆணித் துளைகளைப் பயன்படுத்திப் புதுப் பட்டி அடிப்பதுதான் நான் செய்யும் வழி.

தேவகோட்டை ஓய்வுபெற்ற கணக்கர்:

அம்மா, நான் நாற்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் கணினியில். ஆகையால் உங்கள் மாமனார் பக்கமும் தெரியும், உங்கள் பக்கமும் தெரியும்.

அவர் எழுதும் சிட்டையை நீங்கள் ஒரு பில் புத்தகம் என்று எண்ணிவிட்டீர்கள் என்பது என் ஊகம். ஒரு நாள் மதியம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை முழுவதும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்கு, எந்தக் காரியத்துக்கு, யார் வந்து சொன்னார், எண்ணிக்கையா எடையா, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது வரும், போன முறை அதே வீட்டில் மணகோலத்தில் இனிப்பு குறைவு என்று சொன்னார்களா என்பது வரைக்கும் அதில் இருக்கும். நாள் கூட அவர் தை 12 என்றுதான் எழுதியிருப்பார். ஏனென்றால் படைப்பும் பிள்ளையார் நோன்பும் வருவது அந்த நாட்காட்டியில். உங்கள் மென்பொருள் கேட்பது பொருள், எடை, விலை, வரி என்ற நான்கு கட்டங்கள். மீதிச் செய்தியைப் போட அதில் இடம் இல்லை. அதனால்தான் அவர் திரும்ப எழுதுகிறார். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, தகவலைக் காப்பாற்றுகிறார்.

இந்தப் பக்கத்துக்காரர்கள் கணக்கில் புதுமைக்கு அஞ்சியவர்கள் அல்லர். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி ஊரில் இருப்பார்; மூன்று ஆண்டுத் தவணையில் போன ஏஜெண்டு அங்கிருந்து கணக்கின் நகலை அனுப்புவார்; கடல் கடந்த தொழிலைத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்தொகையை (வரவு செலவு, இருப்பு, கடன் எல்லாம் சுருக்கிய இருப்புநிலைக் கணக்கு) பார்த்தே நடத்தினார்கள். மாகாணியும் முந்திரியும் மனப்பாடமாக இருந்த பையன்களைத்தான் பெட்டியடிக்கு (கடையில் தொழில் பழகும் வேலைக்கு) எடுத்தார்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. வட்டியில் அந்த அளவு நுணுக்கம் பார்த்த வழியில் வந்தவரிடம், "இதெல்லாம் கணினியே போட்டுக்கொள்ளும்" என்று சொல்லியிருந்தால் அது அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். நீங்கள் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது; நான் என் மேலாளரிடம் 1990களில் அப்படிச் சொன்னேன், ஆறு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை.

உண்மையான சிக்கல் பெட்டியில் இருக்கிறது. இரவு பெட்டி கட்டுவது என்பது, அன்றைய வரவும் பற்றும் கையிருப்பும் ஒரு காசு பிசகாமல் நேராவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருப்பது. 2016இல் யூபிஐ வந்த பிறகு, விற்ற சரக்குக்கு உரிய பணத்தில் பாதி பெட்டிக்கு வருவதே இல்லை. உங்கள் வீட்டில் அது மருமகளின் கைப்பேசிக்குப் போகிறது. இத்தனை ஆண்டுகள் பெட்டி கட்டியவர் இப்போது "இன்று எவ்வளவு வந்தது?" என்று உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வாக்குவாதம் அதனால்தான் வருகிறது, தொகையால் அல்ல.

ஆகவே முதலில் தொழிலின் பெயரில் தனி நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவரையும் மாமியாரையும் கையொப்பம் இடுபவர்களாகச் சேர்த்து, க்யூஆர் அட்டையை அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். பணம் வந்தவுடன் தொகையைத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியை அவர் மேசையில் வையுங்கள். அது சொல்லச் சொல்ல அவர் சிட்டையில் எழுதிக்கொள்வார். இரவில் அவரிடம் இரண்டு பெட்டி இருக்கும், ஒன்று மரத்தில், ஒன்று வங்கியில். இரண்டையும் அவரே கட்டட்டும்.

அடுத்து, கணினியைச் சிட்டையாக்க முயலாமல் பேரேடாக (ஆள்வாரியாகத் தொகுக்கும் கணக்காக) மட்டும் பயன்படுத்துங்கள். சிட்டை அவருடையது. மாலையில் அவர் வரிவரியாகப் படிக்க, நீங்கள் ஏற்றுங்கள். அவர் பேரேட்டில் வாடிக்கையாளர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, வீட்டு விலாசப்பெயரோடு, கணினியிலும் இருக்கட்டும். நீங்களாக ஓர் எண் கொடுக்காதீர்கள். குறிப்பு எழுதும் கட்டத்தில் மேலே சொன்ன செய்திகளைச் சுருக்கமாகப் போடுங்கள். ஏப்ரல் 1 அன்று தொடங்கி ஒரு மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும். ஒத்துப்போகாத நாளில் முதலில் உங்கள் பதிவைச் சரிபாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை பிழை ஏற்றுபவர் பக்கம்தான், ஒரு சுழியம் கூடியிருக்கும்.

மாத முடிவில் யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். அதைக் கையால் எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆகும். கணினியிடம் முதல்முறையாக அவர் ஒரு வேலை கேட்பது அந்த இடத்தில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

ஆத்தங்குடிப் பட்டறை:

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இயந்திரத்தின் திறன், பெண்களின் வயது எல்லாம் இருக்கின்றன. கூலி எப்படி என்று எங்குமே இல்லை. கிலோ கணக்கா, நாள் கணக்கா?

கிலோ கணக்கு என்றால் உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் கையால் பிழிந்து பன்னிரண்டு கிலோவுக்குக் கூலி வாங்குபவர், அதை இயந்திரம் ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பதைப் பார்க்கிறார். மீதி நாளுக்கு என்ன கிடைக்கும் என்று அவர் உங்களைக் கேட்கவும் முடியாது, மாமியாரிடம் போய் நிற்கவும் முடியாது. முறத்தைத் தூக்கி அதன்மேல் வைப்பார், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் நான் இந்தத் தவறைச் செய்து காசும் ஆளும் இழந்திருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆத்தங்குடிக் கல் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் வைத்து, ஒவ்வோர் அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கத்துக்குக் கலவை போட்டு மட்டம் செய்து, உலரவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவோம். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. நான் வேகம் வேண்டும் என்று அழுத்தும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தேன். அழுத்தத்தில் வண்ணம் ஒன்றோடொன்று கசிந்தது. கண்ணாடியும் அடிக்கடி உடைந்தது. அதைவிட, கல் கணக்கில் கூலி வாங்கிய இரண்டு மூத்த ஆட்கள் அந்த மாதமே வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் எந்தச் சிவப்புக்கு எவ்வளவு ஆக்சைடு வண்ணப்பொடி என்பது யாருடைய கையில் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அந்த இயந்திரத்தை விற்றுவிட்டு, முதலில் கூலியை மாற்றினேன். குறைந்தபட்ச நாள் கூலி ஒன்றை உறுதி செய்து, அதற்குமேல் போடும் கல்லுக்குத் தனிக் கணக்கு வைத்தேன். அதற்குப் பிறகு ஆட்களே கேட்டு வந்தவை இரண்டு: மணல் சலிக்கும் மோட்டார் சல்லடை, வண்ணம் நிறுக்க ஒரு மின்தராசு. முன்பு கொட்டாங்கச்சி அளவில் போட்ட வண்ணம், ஒரு வீட்டுக்கு இரண்டாம் முறை கல் கேட்டால் நிறம் ஒத்துவராமல் தகராறு ஆகும். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் கிராம் அளவை எழுதி, கல்லையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே ஊற்றுகிறோம். பூ ஊற்றுவது இன்றைக்கும் கைதான்.

வயதானவர்களுக்குப் புதுமை பிடிக்காது என்பதை நான் நம்புவதில்லை. பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் ஏற்றிவந்து இந்த வறண்ட மண்ணில் வீடு கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டு வந்த பிறகு பிறந்த தொழில்.

கோட்டையூர் ஆச்சி (பேரன் எழுதிக் கொடுக்கிறான்):

மகளே, நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் பலகாரக் கட்டில் வேலை செய்து இப்போது வீட்டில் இருக்கிறேன். பேரன் உன் கேள்வியைப் படித்துக்காட்டினான்.

தேன்குழல் கட்டையானதற்கு இயந்திரத்தை மட்டும் குறை சொல்லாதே. நாங்கள் கையால் செய்யும்போது ஓர் ஈட்டுக்கு (சட்டியில் ஒரு தடவை போடுவதற்கு) வேண்டிய மாவை மட்டும் பிசைந்து, எண்ணெய் காய்ந்ததும் பிழிவோம். நீ இயந்திரம் கொள்ளும் அளவுக்கு ஐந்து, ஆறு கிலோவை ஒரேயடியாகப் பிசைந்திருப்பாய். சட்டி ஒரு நேரத்தில் ஓர் ஈடுதான் கொள்ளும். கடைசி ஈடு வருவதற்குள் மாவு காய்ந்து இறுகிவிடும்; அதை மோட்டார் அழுத்திப் பிழிந்தால் இன்னும் நெருங்கிக்கொள்ளும், எண்ணெய் உள்ளே போகாது. மில்லில் அரைத்த மாவைச் சூடாக இருக்கும்போதே மூடி வைத்தீர்களா என்பதையும் பார். அகலமான துணியில் கொட்டி ஆறவிட்டுச் சலித்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும்.

உன் வீட்டுப் பெண்களிடம் போய், இயந்திரத்தை ஓட்டுகிறீர்களா என்று கேட்காதே. எந்த வேலை முடிந்தால் உடம்பு வலிக்கிறது என்று கேள். பிழிவது என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள். மாவு பிசைந்தால் மணிக்கட்டு போகும். எண்ணெய்ச் சட்டியை இறக்கினால் இடுப்பு போகும். அதிரசப் பாகு கிண்டினால் தோள் போகும். பிசைகிற மெஷின் ஒன்றை மட்டும் முதலில் கொடு. எவ்வளவு தண்ணீர், எப்போது நிறுத்துவது என்பதைக் கட்டில் மூத்தவள் சொல்லட்டும்; பொத்தானை நீ அழுத்து. நாலு நாளில் அவளே அழுத்துவாள். கைமுறுக்கை எந்த மெஷினிடமும் கொண்டுபோகாதே. விரலால் முறுக்கிச் சுற்றுவதற்குத்தான் அந்தப் பெயரும் அந்த விலையும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு வெண்கலமும் செம்பும் அலுமினியமும் ஆகாது என்று பேரன் சொல்கிறான். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டில் அதில் பால் மட்டும் காய்ச்சுகிறோம். சோற்றுக்கு வெண்கலப் பானைதான். அதற்காக மாமியாரிடம் பானையை மாற்றச் சொல்லாதே. அது அவர் சீர்ச் சாமானாக இருக்கும்.

காரைக்குடி மின்பணியாளர்:

கேமராவைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டோம். வளவு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அங்கே யார் வந்தார் போனார் என்று ஒருவர் கைப்பேசியில் தெரிவதை எந்த வீட்டிலும் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் கூடாது என்பது என் கருத்து. முகப்புக்கு வெளியே தெருவாசலை மட்டும் பார்க்கும்படி ஒன்று, உங்கள் சொந்தச் சரக்கு அறையில் ஒன்று. வாசல் கேமராவின் கடவுச்சொல்லை நால்வருக்கும் கொடுத்துவிடுங்கள். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் அவர்களே செலவில் பங்கு போட வருவார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் வந்தார்கள்.

பள்ளத்தூர் மருமகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கூலி கிலோ கணக்குதான். நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இயந்திரம் வாங்குவதற்கு முன் மின்சாரச் செலவு, வட்டி, எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்றெல்லாம் ஓர் அட்டவணை போட்டேன், அதில் ஏழு பேரின் வருமானத்துக்கு ஒரு வரி கூட இல்லை. மாமியாரும் நானும் அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். சென்ற ஆறு மாதச் சராசரியை மாமனார் சிட்டையிலிருந்து அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார் (என் மென்பொருளில் அந்தத் தகவல் இல்லை). அந்தத் தொகையை நாள் கூலியாக உறுதி செய்து, கைமுறுக்குக்கு மட்டும் பழைய கிலோ கணக்கை அப்படியே வைத்திருக்கிறோம். பேச்சு முடிந்து எழும்போது, கட்டில் மூத்தவரான அக்கா என்னிடம், "பிசைகிறது எந்தப் பக்கம் சுற்றும்?" என்று கேட்டார்.

பிழியும் இயந்திரத்தை விற்பதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒலிப்பெட்டி மாமனார் மேசையில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் அதன் சத்தம் பெரிதாக இருக்கிறது என்று ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார். இப்போது துண்டு இல்லை. கணக்கு சென்ற வாரம் நான்கு நாட்கள் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத மூன்று நாட்களில் இரண்டு என் பிழை. ஒன்று அவருடையது, அதை நான் சொல்லவில்லை, அவரே மறுநாள் காலையில் அடித்துத் திருத்தியிருந்தார்.

மின்பணியாளர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. பின்தெருப் பக்கம் கம்பம் தொலைவில் இருப்பதால் புது இணைப்பும் முகப்புக்குத்தான் வரும் என்கிறார்கள். நாடா பிடித்து அளந்தேன்: மீட்டர் வைக்கும் இடத்திலிருந்து பிசையும் இயந்திரம் வரை 58 மீட்டர். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பி போதுமா?

காரைக்குடி மின்பணியாளர்:

நான்கு போட்டால் கிளம்பும்போது 16 வோல்ட் அளவில் இறங்கும், மோட்டார் கிளம்பிவிடும். ஆனால் மாலை நேரத்துக்கும், பின்னால் ஒரு கிரைண்டர் சேர்ந்தால் அதற்கும் சேர்த்து ஆறு போடுங்கள். இறக்கம் 11 வோல்ட்டுக்குள் நிற்கும். எர்த் குழியை மூன்றாம் கட்டுக்குப் பின்னால், தண்ணீர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். கம்பி இழுக்கும் அன்று சுவர்ப் பக்கம் யாராவது ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.